இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி வேண்டாம்

வாசகர் கேள்விகளுக்கு இயன்முறை மருத்துவரின் பதில்கள்

வேலையும் வீடும் நாளை முழுவதுமாக எடுத்துக்கொள்ளும் நிலையில் உடற்பயிற்சியை எப்படி விடாமல் தொடர்வது என்பது குறித்துக் கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் தரப்படுகிறது. எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு வயது 36. ஆவடியிலிருந்து தினமும் மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்குத் தயார்செய்துவிட்டு ரயிலைப் பிடிக்கிறேன். வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிவிடுகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. அண்மையில் எடுத்த பரிசோதனையில் எனக்கு வெறும் வயிற்றில் 112 இருந்தது. தினமும் 45 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் இரண்டு வாரத்துக்குள் நின்றுவிடுகிறது. எனக்கு மனஉறுதி போதவில்லையா?
— வாசகி, ஆவடி

பதில்: நீங்கள் எழுதியுள்ள நாளில் 45 நிமிடம் சேர்ந்தாற்போல் கிடைக்கும் இடம் எதுவும் இல்லை. இல்லாத நேரத்தில் நடக்கச் சொன்ன ஒரு திட்டம் நின்றுபோனதற்கு உங்கள் மனஉறுதியைக் குறைசொல்வது நியாயமாகாது. மாற்ற வேண்டியது திட்டத்தைத்தான்.

முதலில் அந்த 112 பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்து, அது மறுபரிசோதனையிலும் உறுதியானால் சர்க்கரை நோய் என்கிறோம். நீங்கள் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறீர்கள். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும், மேலும் 13.6 கோடிப் பேருக்கு உங்களுக்கு இருப்பது போன்ற முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. இந்த நிலையிலிருந்து சர்க்கரை நோய்க்குச் செல்லாமல் தடுக்க முடியுமா என்பதைச் சென்னையிலேயே ஆராய்ந்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கவனித்ததில், வழக்கமான அறிவுரையோடு விடப்பட்ட குழுவில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவை ஒழுங்குபடுத்தி, தினமும் நடந்த குழுவில் அது 39 ஆகக் குறைந்தது. சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்துக்கொண்ட குழுவுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய அதே அளவுதான். நடைக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் ஒரு மாத்திரைக்கு இணையான வலிமை உண்டு என்பதை நம் ஊர் மக்களிடமே பார்த்தாகிவிட்டது என்பதால்தான், உங்களை எப்படியாவது நடக்கவைத்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி, விடாமல் செய்வது ஏன் முக்கியம் என்பதைப் பார்ப்போம். தசை சுருங்கி விரியும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை இன்சுலினின் உதவி இல்லாமலேயே உள்ளே இழுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பிறகும் இன்சுலினுக்கு அது நன்றாக இணங்கி நடக்கிறது. ஆனால் இந்த இணக்கம் ஏறத்தாழ ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரைதான் நீடிக்கும், பிறகு மங்கிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாள்களுக்கு மேல் பயிற்சியின்றி இருக்கக் கூடாது என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பரிந்துரைப்பதற்கு இதுவே அடிப்படை. உங்களுக்கும் அந்த விதியையே தருகிறேன். ஒரு நாள் விட்டுப்போகலாம். இரண்டு நாளும் விட்டுப்போகலாம். மூன்றாவது நாள் பத்து நிமிடமாவது நடந்தே ஆக வேண்டும். தினமும் 45 நிமிடம் என்ற விதி முதல் நாள் தவறும்போதே உடைந்துபோகிறது, உடைந்ததும் நாம் கைவிட்டுவிடுகிறோம். இந்த விதி ஒரு தவறுதலைத் தாங்கிக்கொள்ளும்.

நேரத்தைத் துண்டுகளாக்கலாம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. 2010-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், ஒவ்வொரு முறையும் குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2020-இல் அதை நீக்கிவிட்டார்கள். ஐந்து நிமிட நடையும் இப்போது கணக்கில் சேரும். எனவே ரயில் வரும் வரை நடைமேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பதும், மதிய உணவுக்குப் பிறகு அலுவலகத்தைச் சுற்றிப் பத்து நிமிடம் நடப்பதும், இரவு உணவுக்குப் பிறகு தெருவிலோ மொட்டைமாடியிலோ பதினைந்து நிமிடம் நடப்பதும் உங்களுக்குப் போதுமான தொடக்கம். குறிப்பாக அந்த இரவு நடையைத் தவறவிடாதீர்கள்: சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையை அப்போதே குறைக்கும் வழி அது. பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் மிதமான வேகம்.

இன்னொன்றையும் நான் எழுதியாக வேண்டும். 2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்காகச் செலவிடும் நேரம் 299 நிமிடம் என்றும், அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம் என்றும் தெரியவந்தது. அப்படி ஈடுபடும் ஆண்களே நான்கில் ஒருவர்தான். உங்கள் கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இரவு பாத்திரம் கழுவுவதையும் மறுநாளைக்குக் காய் நறுக்கிவைப்பதையும் அவரிடம் ஒப்படைத்தால், நான் மேலே சொன்ன பதினைந்து நிமிடம் உங்களுக்குக் கிடைத்துவிடும். இதை ஒரு மருத்துவ அறிவுரையாகவே அவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நான் அரசுப் பேருந்து ஓட்டுநர், வயது 44. ஒரு நாள் விடியற்காலை வண்டி, ஒரு நாள் இரவு வண்டி, சில நாள் வெளியூரிலேயே தங்கல் என்று என் நேரம் மாறிக்கொண்டே இருக்கும். என்னோடு வேலைக்குச் சேர்ந்த நடத்துநர் அப்படியே இருக்கிறார். எனக்குத் தொப்பை விழுந்துவிட்டது, இரத்த அழுத்தமும் வந்துவிட்டது. எல்லோரும் தினமும் ஒரே நேரத்தில் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். ஒரே நேரம் என்பது என் வாழ்க்கையில் கிடையாது. நான் என்ன செய்வது?
— வாசகர், விழுப்புரம்

பதில்: உடற்பயிற்சிக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை நவீன மருத்துவம் கண்டுகொண்டதே உங்களையும் உங்கள் நடத்துநரையும் போன்றவர்களைப் பார்த்துத்தான். லண்டன் நகரத்தின் மாடிப் பேருந்துகளில் வேலைசெய்தவர்களை ஆராய்ந்த ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர், நாள் முழுவதும் உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர்களைவிட, மாடிப்படியில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வருவதையும், வந்தாலும் அது பெரும்பாலும் வயது சென்ற பிறகே வருவதையும் கண்டு 1953-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். ஓட்டுநர் வேலைக்கு வருபவர்கள் முதலிலிருந்தே பருமனானவர்களாக இருந்திருக்கலாமே என்ற ஐயம் அவருக்கே எழுந்ததால், நிறுவனம் தைத்துக்கொடுத்த சீருடைகளின் இடுப்பளவுகளைத் தேடி எடுத்து, ஓட்டுநர்களின் இடுப்பு உண்மையிலேயே பெரிதாக இருந்ததை 1956-இல் அவரே வெளியிட்டார். பின்னர் மேசை வேலை பார்க்கும் அரசு ஊழியர்களை ஆராய்ந்தபோது, ஓய்வு நேரத்தில் சுறுசுறுப்பான பயிற்சி செய்தவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. உங்களுக்கு இதில் ஆறுதலான செய்தி இதுதான்: வேலை உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தாலும், வேலைக்கு வெளியே செய்யும் பயிற்சி இதயத்தைக் காக்கிறது. மோரிஸ் தம் முதுமையிலும் பயிற்சியை விடாமல் 99 வயது வரை வாழ்ந்தார்.

ஒரே நேரம் வேண்டும் என்பது கட்டாயமில்லை. கடிகாரத்தோடு இணைக்க முடியாத பழக்கத்தை ஒரு நிகழ்ச்சியோடு இணைத்துவிடலாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. காலை உணவுக்குப் பிறகு என்பது போல நாள்தோறும் தவறாமல் நடக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் பின்னால் ஒரு புதிய பழக்கத்தைக் கோத்துக்கொள்ளுமாறு அவர்களிடம் சொல்லப்பட்டது. அந்தச் செயல் யோசிக்காமலே செய்யும் அளவுக்குப் பழகச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளிலேயே படிந்தது, சிலருக்கு 254 நாள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயலைவிட உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. 21 நாளில் எதுவும் பழகிவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்பி, 22-ஆம் நாளும் கஷ்டமாக இருக்கிறதே என்று நீங்கள் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

உங்கள் வேலையில் எந்த நேரமானாலும் தவறாமல் நடக்கும் நிகழ்ச்சி, வண்டியைப் பணிமனையில் விடுவது. வண்டியை விட்டதும் நேராக இருசக்கர வாகனத்தை எடுக்காமல், பணிமனை வளாகத்தை இருபது நிமிடம் சுற்றி நடந்துவிட்டுக் கிளம்புங்கள். வெளியூரில் தங்கும் நாளில் வண்டியை நிறுத்தியவுடன் அதே இருபது நிமிடம். இடையில் ஒரு பயணம் முடிந்து அடுத்த பயணத்துக்குக் காத்திருக்கும் சில நிமிடங்களில், இருக்கையிலேயே இருக்காமல் இறங்கிப் பேருந்து நிலையத்துக்குள் நடங்கள். மணிக்கணக்கில் மடங்கியிருக்கும் இடுப்புக்கும் தொடையின் பின்தசைக்கும் அது மிகவும் தேவை. வாரத்தில் இரண்டு நாள் சுவரில் கைவைத்துச் செய்யும் தண்டாலும், பாதி அளவு இறங்கும் பஸ்கியும் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்யும்போது மூச்சை அடக்காதீர்கள், ஏனென்றால் மூச்சை அடக்கி அழுத்தம் கொடுத்தால் இரத்த அழுத்தம் அந்த நேரத்தில் சட்டென்று ஏறும். இரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. இரவு வண்டி ஓட்டிவிட்டுத் தூக்கமின்றி வரும் நாளில் பயிற்சியை விட்டுவிட்டுத் தூங்குங்கள். இரண்டு நாள் விதி அதற்கு இடம் தருகிறது.

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே இருக்கிறேன். இதுவே உடற்பயிற்சி ஆகாதா? ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எனக்கு ஓய்வு.
— வாசகி, திருப்பூர்

பதில்: நிற்பது உடலைக் களைப்பாக்கும், ஆனால் இதயத் துடிப்பையும் மூச்சையும் பெரிதாக உயர்த்தாது. அதனால் பயிற்சியின் பலன் அதில் கிடைப்பதில்லை. நெடுநேரம் அசையாமல் நிற்பதால் கால் வீக்கமும் நரம்புச் சுருளும் வரும் வாய்ப்பே அதிகம். மேசையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவதை அரை மணிக்கு ஒருமுறை இருபது தடவை செய்யுங்கள். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலில் தேங்கும் இரத்தம் மேலே தள்ளப்படுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் செய்தால் போதுமா என்பதற்கு நல்ல பதில் உண்டு. பிரிட்டனில் ஏறத்தாழ 90,000 பேரின் கையில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டி ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டார்கள். வாரத்துக்கான உடலுழைப்பின் பெரும்பகுதியை ஓரிரு நாளில் முடித்தவர்களுக்கும், அதை வாரம் முழுவதும் பரப்பிச் செய்தவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் ஆபத்து ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தது. உங்களுக்குச் சர்க்கரை நோய் இல்லையென்றால் ஞாயிறன்று ஒரு மணி நேரம் விறுவிறுப்பாக நடப்பது வீண்போகாது. வார நடுவில் ஒரு நாள், கம்பெனி வேன் நிற்கும் இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பாகவே இறங்கி நடக்க முடிந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: வயது 27, மென்பொருள் வேலை. ஜிம்மில் ஓராண்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டேன். முதல் வாரம் தினமும் போனேன், பிறகு உடம்பு வலியில் இரண்டு நாள் விட்டேன், அதற்குப் பிறகு போகவே இல்லை. ஊக்கம் தரும் காணொளிகளைப் பார்க்கும்போது மட்டும் வேகம் வருகிறது. அதுவும் மறுநாள் போய்விடுகிறது.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: காணொளிகள் ஏன் உதவவில்லை என்பதற்குப் பிரிட்டனில் 2002-இல் வெளியான ஒரு சோதனை விளக்கம் தருகிறது. கல்லூரி மாணவர்களை மூன்று குழுக்களாக்கினார்கள். ஒரு குழுவுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. இரண்டாவது குழுவுக்கு உடற்பயிற்சியின் நன்மைகளை விளக்கி ஊக்கமூட்டினார்கள். மூன்றாவது குழு அந்த விளக்கத்தைப் பெற்றதோடு, எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த இடத்தில் செய்யப்போகிறோம் என்பதையும் எழுதித்தந்தது. அந்த வாரம் பயிற்சி செய்தவர்கள் முதல் குழுவில் நூற்றுக்கு 38 பேர், ஊக்கம் மட்டும் பெற்ற குழுவில் 35 பேர், எழுதிக்கொடுத்த குழுவில் 91 பேர். ஊக்கம் மட்டும் கிடைத்தவர்கள் எதுவுமே கிடைக்காதவர்களைவிட ஓர் அடிகூட முன்னே போகவில்லை. எனவே வாரத்தில் மூன்று நாளை, எடுத்துக்காட்டாகச் செவ்வாய், வியாழன், சனி என்று முடிவுசெய்து, அலுவலகக் கூட்டங்களைக் குறிக்கும் அதே நாள்காட்டியில் குறித்துவையுங்கள்.

உங்களுக்கு வந்த வலி, பழக்கமில்லாத தசைக்கு அளவுக்கு மீறிச் சுமை கொடுத்ததால் வந்தது. பயிற்சி செய்த 24 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கி மூன்று நாள் வரை அது உச்சத்தில் இருக்கும், பிறகு தானாகவே குறையும். முதல் மாதம், உங்களால் முடிந்ததில் பாதியை மட்டும் செய்துவிட்டு, இன்னும் செய்யலாம் என்ற நிலையிலேயே வீட்டுக்குப் போங்கள். புராஜெக்ட் கெடு நெருங்கும் வாரங்களில் ஜிம்முக்குப் போக முடியாது என்பதை இப்போதே ஏற்றுக்கொண்டு, அந்த வாரங்களுக்கென ஒரு குறைந்தபட்சத் திட்டத்தை வைத்திருங்கள்: வீட்டில் தண்டால், பஸ்கி, வாரம் ஒரு முறையாவது. ஈட்டிய தசை வலுவை உருவாக்கத் தேவைப்பட்டதைவிட மிகக் குறைந்த பயிற்சியே அதைக் காப்பாற்றப் போதும். இளம் வயதினர் வாரம் ஒரே ஒரு முறை செய்துகூடப் பல மாதங்கள் அதைத் தக்கவைத்துக்கொள்ள முடியும்.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 66. காலை ஏழு மணிக்கு மளிகைக் கடையைத் திறந்தால் இரவு பத்து வரை கல்லாவில்தான். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். போன ஆண்டு நடக்கத் தொடங்கினார். மழைக்காலத்தில் நின்றது, பிறகு காய்ச்சல் வந்தது, அதோடு விட்டுவிட்டார். பத்தாயிரம் ஸ்டெப்ஸ் நடக்க வேண்டுமாம், தன்னால் அது ஆகாது என்கிறார். எப்படி மறுபடி தொடங்க வைப்பது?
— வாசகி, காரைக்குடி

பதில்: அந்தப் பத்தாயிரத்தை முதலில் அப்பாவின் மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அது 1965-இல் ஜப்பானில் காலடிகளை எண்ணும் ஒரு கருவியை விற்பதற்காகச் சூட்டிய பெயரிலிருந்து பரவிய எண். மருத்துவ ஆய்விலிருந்து வந்ததன்று. சராசரி வயது 72 உள்ள அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. அப்பாவின் இன்றைய நடை எவ்வளவோ, அதோடு ஓர் ஆயிரம் அடியைக் கூட்டுவதே முதல் இலக்காக இருக்கட்டும்.

மூச்சும் இதயமும் பெற்ற தாங்குதிறன் பயிற்சியை விட்ட இரண்டு வாரத்திலேயே குறையத் தொடங்கும். தசை வலு இன்னும் சில வாரங்கள் நிற்கும். ஆகவே நீண்ட இடைவெளிக்குப் பின் விட்ட இடத்திலிருந்து தொடங்கினால் மூச்சு வாங்கும், மூட்டு வலிக்கும், மறுபடி விட்டுவிடுவார். பழைய அளவில் பாதியோடு தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டட்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மாற்றிடத்தை இப்போதே முடிவுசெய்துவிடுங்கள்: வீட்டு முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரமோ, கடையின் கிடங்கோ போதும். கடையில் வியாபாரம் மந்தமாக இருக்கும் பிற்பகலில், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்து முறை செய்யட்டும். கல்லாவைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் சிறிது நேரம் நிற்பது தடுமாற்றத்தைக் குறைக்கும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு இத்தகைய சமநிலைப் பயிற்சி வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் நீங்களோ தம்பியோ கல்லாவில் உட்கார முடிந்தால், அந்த நேரத்தில் அவர் நடந்துவிட்டு வரலாம். அப்பா எதையும்விட அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் காத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

தொடங்கும் முன் அவருடைய மருத்துவரிடம் இரண்டைக் கேளுங்கள். அவர் எடுக்கும் மாத்திரை கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகையைச் சேர்ந்ததா என்பது முதலாவது. அவை நடையின்போது சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தக்கூடும் என்பதால், நடக்குமுன் அளவு 90-க்குக் கீழ் இருந்தால் ஏதேனும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், சட்டைப்பையில் சர்க்கரையோ மிட்டாயோ இருக்க வேண்டும். இதயத்துக்கு ஏதேனும் பரிசோதனை தேவையா என்பது இரண்டாவது. செருப்புக்குப் பதில் குதிகாலை மூடிய, இறுக்கமில்லாத காலணி வாங்கிக்கொடுத்து, இரவில் பாதங்களில் கொப்புளமோ வெட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் புண் வந்தது அவருக்கே தெரியாமல் போகலாம். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கமில்லாத மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நின்று, 108-ஐ அழைக்க வேண்டும்.